குடும்பிமலை முதல் உகந்தை வரை: பாறைச் சரிவுப் பற்றைக்காடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியைப் பற்றியும் வயலைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். வயல் முடிகிற இடத்தில் எழும்பி நிற்கும் கற்குன்றுகளையும், அவற்றின் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் முட்செடிகளையும் பற்றிக் கேட்டால் “அது வெறும் பற்றை” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாடசாலைப் பிள்ளைகள், கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்த இடங்களைப் பற்றிய பேச்சு இது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரானுக்கு மேற்கே குடும்பிமலை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தாந்தாமலை, புல்லுமலைப் பக்கத்துக் குன்றுகள். அம்பாறை மாவட்டத்தில் சங்கமன்கண்டி, பிறகு பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, உகந்தை, குமண வரைக்கும் காட்டுக்கு நடுவே தலை நீட்டும் மொட்டைப் பாறைகள். மலை என்று பேர் இருந்தாலும் மத்திய மலைநாட்டின் தொடர்களோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. சமதரையில் தனித்தனியே நிற்கும் குன்றுகள் இவை. சுற்றியிருந்த பாறை நீண்ட காலத்தில் அரிபட்டுப் போக, தேயாமல் மிஞ்சியவை. கிழக்கு மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அடியில் கிடக்கும் இந்தப் பாறையை “விஜயன் தொகுதி” என்று புவிச்சரிதவியலாளர் அழைப்பார்கள். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு பழையது. தண்ணீரை உறிஞ்சாத கெட்டிக் கல்.

அப்படியென்றால் இது பாலைவனமா?

இல்லை. ஆனால் கேள்வி முட்டாள்தனமானதும் இல்லை. ஆடி மாதத்தில் உகந்தைப் பாறையில் ஏறி நின்று பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் இடத்தைப் பாலைவனம் என்று கொள்வது வழமை. அமெரிக்காவின் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி அந்த எல்லையை ஒட்டிய மழையையே பெறுகிறது. அங்கே காய்ந்த சரிவுகளில் பிளாக்பிரஷ், கிரியோசோட் போன்ற முழங்கால், இடுப்பு உயரச் செடிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். இடையில் வெறும் மண். அந்த மண்ணின் மேல்தோலிலும் நீலப்பச்சைப் பாசி கறுத்த ஓடுபோலப் படர்ந்து, காற்று மண்ணை அள்ளிப் போகாமல் பிடித்திருக்கும். மழையின் அளவே அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மட்டக்களப்பில் ஆண்டு மழை 1,600 மில்லிமீற்றருக்கு மேல். குமணப் பக்கம் 1,300 அளவில். கிராண்ட் கான்யனின் அடியோடு பார்த்தால் ஐந்து, ஆறு மடங்கு. அதனால் எங்கள் குன்றுகளின் அடிவாரத்தில் மரக்காடே நிற்கிறது. ஆனால் அதே குன்றின் சரிவில், சில இடங்களில் பத்து அடி தூரத்துக்குள், பாலைவனத்துக்கு உரிய பிழைப்பு முறைகளோடு கள்ளியும் பிரண்டையும் வாள்போல இலை நீட்டும் மரலும் நிற்கின்றன. உலர்வலயக் காட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் வறள் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு மழை பெய்தும் ஏன் அங்கே கள்ளி நிற்கிறது?

மழை பெய்வது வேறு, மழை தங்குவது வேறு. இந்தப் பதில்கள் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

முதலாவது, மழையின் காலம். ஐப்பசி கடைசியில் தொடங்கி தை வரைக்கும் வாடைக்காற்றோடு வரும் மாரிதான் ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொட்டித் தீர்க்கிறது. பிறகு சித்திரையில் இடியோடு சில மழை. வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மறுபக்கத்தில் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருகிறது. கச்சான் வீசுகிற நாளில் கொடியில் போட்ட சாரம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்தவருக்கு, செடியின் இலைக்கு என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, மண்ணின் ஆழம். சமதரையில் வேர் இரண்டு, மூன்று மீற்றர் இறங்கி மாரித் தண்ணீரைக் கோடையிலும் எடுத்துக்கொள்ளும். சரிவிலோ பாறையின் மேல் ஒரு சாண் மண் இருந்தால் அதிகம். அதுவும் மணற்பாங்கான கபில மண். பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். 1,600 மில்லிமீற்றர் பெய்தாலும் அந்த இடத்துச் செடிக்குக் கைக்கு எட்டுவது கொஞ்சம்தான்.

மூன்றாவது, சூடு. நண்பகலில் வெயில் படும் மொட்டைப் பாறையின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டும். வெறுங்காலோடு உகந்தைப் பாறையில் நடந்த யாத்திரிகரிடம் கேளுங்கள்.

சரிவில் மேலிருந்து கீழே எந்தச் செடி எங்கே நிற்கும்?

உச்சியின் மொட்டைப் பாறையிலிருந்து தொடங்குவோம். அங்கே செடி இல்லை என்று நினைப்போம். ஆனால் பாறையின் நிறமே உயிருள்ள பொருளால் ஆனது. சாம்பல், வெள்ளை, மங்கிய பச்சை வட்டங்கள் எல்லாம் பாறையில் ஒட்டி வளரும் இலைக்கன்கள். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்கள் அவை.

சற்றுக் கீழே, பாறையின் மேல் கையளவு மண் தேங்கிய தட்டுகள். மாரியில் புல்லும் சின்னஞ்சிறு பூஞ்செடிகளும் அங்கே முளைத்து, பூத்து, விதை போட்டு, பங்குனிக்குள் காய்ந்துவிடும். கோடையில் போனால் மஞ்சள் வைக்கோல் மட்டும் கிடக்கும். இத்தகைய ஈரக் கசிவு மண்ணில் ஊட்டம் குறைவு. அதனால்தான் உலர்வலயத்தின் கசிவு நிலங்களில் அழுகண்ணி போன்ற பூச்சி பிடிக்கும் செடிகளைப் பார்க்கலாம். தரையோடு ஒட்டிய சிவப்பு வட்டம், ஒவ்வொரு இலை மயிரின் நுனியிலும் ஒரு பசைத்துளி. குனிந்து பார்க்காவிட்டால் கண்ணில் படாது.

பாறையில் பள்ளமான இடங்கள் சுனைகள். உகந்தையில் வள்ளி மலையில் ஏறியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆழமான சுனையில் கோடை முழுக்கத் தண்ணீர் கிடக்கும். ஆழம் குறைந்தவற்றில் கொட்டி போன்ற கிழங்குள்ள நீர்ச்செடிகள் மாரியில் மட்டும் இலை விட்டு, தண்ணீர் வற்றியதும் சேற்றுக்குள் கிழங்காக உறங்கும்.

அடுத்தது வெடிப்புகள். பாறையின் மேல் விழும் மழை ஓடிவந்து வெடிப்புக்குள்தான் இறங்கும். பெரிய பரப்பின் தண்ணீர் ஒரு கோட்டில் சேர்வதால், நாலு விரல் அகலமே உள்ள வெடிப்பில் பெரிய மரமே நிற்கும். கல்லால், இத்தி போன்ற ஆல் வகைகள் அப்படித்தான் நிற்கின்றன. கிளுவையும் இந்த இடத்தை விரும்பும். அதன் பட்டை மெல்லிய காகிதம்போல உரிந்து உரிந்து வர, அடியில் பச்சைத் தோல் தெரியும். இலை முழுவதும் உதிர்ந்த கோடையிலும் அந்தப் பச்சைத் தோல் வெயிலைப் பிடித்துக் கொஞ்சம் உணவு செய்துகொண்டிருக்கும். விரல் நகத்தால் உரிந்த தாளை விலக்கிப் பாருங்கள், மரத்தைக் கீற வேண்டாம்.

சரிவின் நடுப்பகுதி முட்பற்றைக்கு உரியது. கற்களுக்கிடையே அரை அடி, ஒரு அடி மண். சதுரக்கள்ளி, அதன் நிழலில் மரல், இரண்டின் மேலும் ஏறிக் கிடக்கும் பிரண்டை. காரை, கிளா, சூரை, மருக்காரை, நிலக்குமிழ், ஆதொண்டை, முட்பூலா, விடத்தல். விடத்தல் பூத்திருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். தொங்கும் ஒரே பூங்கொத்தில் மேற்பாதி ரோசா நிறம், கீழ்ப்பாதி மஞ்சள். ரோசாப் பாதி மலட்டுப் பூக்கள், மஞ்சள் பாதிதான் காய்க்கும். இதே நடுச்சரிவில் மண்ணுக்குள் சாத்தாவாரிக் கிழங்கும் காட்டு வள்ளியும் ஒளிந்திருக்கும்.

அடிவாரத்தில் கதை மாறுகிறது. மேலேயிருந்து ஓடிவந்த தண்ணீரும் மண்ணும் சேரும் இடம் அது. வீரை, பாலை, முதிரை, காயா, இடையிடையே கருங்காலி. இலை சிறியது, தோல்போலத் தடித்தது. பெரும்பாலும் என்றும் பச்சை. பாறையடிக் காடு சுற்றுவட்டக் காட்டைவிட உயரமாக நிற்பதைச் சில இடங்களில் காணலாம். மேலே உள்ள மொட்டைப் பாறை கீழே உள்ள மரத்துக்குக் கூரைத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறது.

பாறையில் மேலிருந்து கீழே ஓடும் கறுப்புக் கோடுகள் புகைக் கறையா?

இல்லை. மழைத் தண்ணீர் வழிகிற தடத்தில் வளரும் நீலப்பச்சைப் பாசி. காய்ந்திருக்கும்போது கருமை. நனைந்ததும் மறுபடி வேலை தொடங்கும். கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாரியில் நீர் வடியும். மழை நாளில் அதன் மேல் கால் வைத்தால் வழுக்கும்.

பாறை வெடிப்பில் சுருண்டு காய்ந்திருக்கும் பன்னங்கள் செத்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. மயில்சிகை என்ற சிறு பன்னம் கோடையில் மொறுமொறுவென்று சுருண்டு பழுப்பாகிவிடும். நல்ல மழை ஒன்று விழுந்தால் அதே இலை விரிந்து மறுபடி பச்சையாகும். மற்றச் செடிகள் தண்ணீரைச் சேமித்துத் தப்பும். இது தண்ணீர் இல்லாமலே கிடந்து தப்பும். உள்ளே உள்ள சில சர்க்கரைகள் உயிரணுக்களின் சவ்வைக் காய்ந்த நிலையிலும் சிதையாமல் காக்கின்றன.

சதுரக்கள்ளியும் நாகதாளியும் ஒரே குடும்பமா?

பார்வைக்கு அண்ணன் தம்பி, உறவு கிடையாது. சதுரக்கள்ளி எங்கள் மண்ணுக்கு உரியது. ஆமணக்கின் குடும்பம். கீறினால் வெள்ளைப் பால் வடியும். நாகதாளி அமெரிக்கக் கண்டத்துக் கக்டஸ் வகை, மனிதர் கொண்டுவந்தது. கீறினால் பால் வராது, வழவழப்பான நீர்தான். இலையைக் குறைத்து, தண்டைப் பச்சையாக்கி, தண்ணீரை உள்ளே கட்டி, வெளியே முள் வைத்துக்கொண்டதில் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

இவை இரண்டும், பிரண்டையும் மரலும்கூட, மூச்சுவிடும் நேரத்தை மாற்றிக்கொண்டவை. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். திறந்தால் நீராவி வெளியே போகும். கச்சான் பகலில் இது கட்டுப்படியாகாது. அதனால் இந்தச் செடிகள் இரவில் துளையைத் திறந்து வாயுவை எடுத்து, அதை ஓர் அமிலமாக உள்ளே பூட்டி வைத்து, பகலில் துளையை மூடிவிட்டு, பூட்டி வைத்ததை எடுத்து வெயிலில் உணவாக்குகின்றன. இரவெல்லாம் சேர்வதால் விடியற்காலையில் செடிக்குள் புளிப்பு கூடியிருக்கும், மாலையில் குறைந்திருக்கும். இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் சென்னையில் பணிபுரிந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் 1813இல் எழுதினார். நீங்கள் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் பொருட்கள் உண்டு. சதுரக்கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஏன் எல்லாச் செடியிலும் முள்?

எல்லாவற்றிலும் இல்லை, ஆவரசிலும் காயாவிலும் முள் கிடையாது. ஆனால் இலை ஒன்று செய்யச் செலவு அதிகமான இடத்தில், செய்த இலையை மான் தின்றுவிட்டால் நட்டம் பெரிது. அதனால் காவல்.

முள்ளின் வகையைப் பார்த்தே செடியைச் சொல்லலாம். காரையில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நேராக நிற்கும். கிளாவின் முள் சிலவேளை கவராகப் பிரியும். மருக்காரையின் முள் தடித்தது, நேரானது, செருப்பைத் துளைக்கும். சூரைதான் கரைச்சல் பிடித்தது: பின்னோக்கி வளைந்த முள், உள்ளே போன சட்டைக்கை திரும்பி வராது. இழுக்காதீர்கள், முன்னோக்கித் தள்ளி விடுவியுங்கள். மோதிரக்கண்ணியில் இருப்பது முள்ளே அல்ல. கிளை நுனியில் இரண்டிரண்டாகச் சுருண்ட கொக்கிகள், மோதிரத்தை அறுத்து மாட்டினாற்போல. அடுத்த செடியைப் பிடித்து ஏறுவதற்கு அது. பிடிமானம் கிடைத்த கொக்கி தடித்து இறுகும், கிடைக்காதது மெல்லியதாகவே நின்றுவிடும். மஞ்சள் பூவோடு சேர்த்துப் பார்த்தால் மறக்காது.

ஒரு குன்றின் வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் வேறுபடுமா?

பாடப்புத்தகத்தில் “தெற்குச் சரிவு சூடு, வடக்குச் சரிவு குளிர்” என்று படித்துவிட்டு இங்கே வந்து தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கிராண்ட் கான்யன் போன்ற, நடுக்கோட்டிலிருந்து தூரமான இடங்களுக்குப் பொருந்தும். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே போகும்.

நாங்கள் இருப்பது ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி கடந்தும் நண்பகல் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கே நிற்கும். அதாவது கோடையின் கடுமையான மாதங்களில் வெயில் அதிகம் விழுவது வடக்குச் சரிவில். மார்கழி, தையில் அது தெற்கே சாயும், ஆனால் அப்போது மழையும் முகிலும். இதற்கு மேல் காற்றின் கணக்கு இருக்கிறது: கச்சான் தென்மேற்கு முகத்தை உலர்த்தும், வாடை மழை வடகிழக்கு முகத்தில் அறையும். ஆகவே இங்கே திசைகாட்டியை வைத்துச் செடியைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே முகத்தில் மண் ஆழம் மாறினால் செடியும் மாறும். என் அனுபவத்தில் திசையைவிட மண்வெட்டி உண்மை சொல்லும்.

எந்தப் பழங்களைச் சாப்பிடலாம்? எப்போது கிடைக்கும்?

கிழக்கில் காட்டுப்பழம் என்றால் முதலில் பாலைப்பழம். கோடையில், வைகாசி, ஆனி அளவில். மஞ்சளாக, விரல் நுனியளவு, தேன் இனிப்பு. தின்றால் பால் பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும். அதே காலத்தை ஒட்டி வீரைப்பழம், சிவப்பு. கறுத்துப் பழுத்த கிளா, சூரை, இலந்தை, அடிவாரத்தில் விளா, நாவல். பேர் தெரியாத பழத்தை, குருவி தின்கிறது என்பதற்காகத் தின்னாதீர்கள். குருவியின் வயிறு வேறு.

பாலையும் வீரையும் பழுக்கும் காலம் கரடியின் காலமும் கூட. குமணப் பக்கத்தில் கரடிகள் மரத்திலேயே ஏறி உட்கார்ந்து பாலைப்பழம் தின்னும். பழ மரத்துக்கடியில் புதிய நகக்கீறலும் விதை நிறைந்த சாணமும் கண்டால் திரும்பிவிடுங்கள். அந்தச் சாணத்தில் உள்ள விதைகள்தான் அடுத்த தலைமுறைப் பாலை.

முட்பூலா புற்றுநோயைக் குணமாக்குமா?

சிங்களத்தில் கட்டுப்பில என்று சொல்லப்படும் இந்தச் செடியை அரைத்துக் குடிக்கும் வழக்கம் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஆய்வுகூடத்தில் உயிரணுக்கள் மீது செய்த சோதனைகள் உண்டு. மனிதரில் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிறுவப்படவில்லை. வைத்தியரின் சிகிச்சையை விட்டுவிட்டு இதை நம்பியிருப்பது உயிரோடு விளையாட்டு. வேரோடு பிடுங்கி விற்பது செடிக்கும் கேடு.

கார்த்திகைப்பூ இங்கே ஏன் திடீரென்று தோன்றி மறைகிறது?

கோடை முழுவதும் அது மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. முதல் மாரி மழைக்கு முளைத்து, இலை நுனியையே சுருளாக்கிப் பக்கத்து முட்செடியைப் பற்றி ஏறி, கார்த்திகையை ஒட்டிப் பூத்து, மழை ஓய்ந்ததும் தண்டு காய்ந்து போகிறது. பூவிதழ் முதலில் மஞ்சளும் பச்சையுமாக இருந்து நாளாக ஆகச் சிவக்கும். முட்பற்றை அதற்கு ஏணியும் வேலியும். கிழங்கு கடும் நஞ்சு. அதிலுள்ள கொல்கிசின் மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்லும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தோண்டும் ஆபத்து உண்டு என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சேனை செய்து விட்ட நிலத்திலும் இதே முட்செடிகள்தானே? என்ன வித்தியாசம்?

பேர்கள் சில ஒன்று, ஆட்டம் வேறு. சேனை, அதாவது காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்து விட்ட நிலத்தில் ஆழமான மண் இருக்கிறது. அங்கே விடத்தல், சூரை, ஆவரசு, எருக்கலை, இலுக்குப் புல் முதலில் வரும். தீயும் கோடாலியும் படாமல் விட்டால் அவற்றின் நிழலில் வீரையும் பாலையும் எழும்பி, காலப்போக்கில் முட்பற்றையை மூடிவிடும். பாறைச் சரிவிலோ முட்பற்றையே முடிவான நிலை. நூறு ஆண்டு காவல் போட்டாலும் அங்கே முதிரைக் காடு வராது, வர மண் இல்லை.

அடையாளம் பார்க்க எளிய வழி: சதுரக்கள்ளி, மரல், கிளுவை மூன்றும் கற்களுக்கிடையே கூடி நின்றால் பழைய பாறைப் பற்றை. எருக்கலையும் ஆவரசும் நாயுண்ணியும் முன்னால் நின்றால் மனிதர் கை பட்ட நிலம்.

அம்பாறைப் பக்கத்துப் புல்வெளிச் சரிவுகளும் இந்த வகையா?

இல்லை, அவை தீயின் பிள்ளைகள். இங்கினியாகலைக்கு மேலே, 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவின் சரிவுகளில் உயர்ந்த புல்லுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. கோடையில் புல் எரியும். தடித்த பட்டையுள்ள இந்த மரங்கள் தப்பும், மற்றவற்றின் கன்றுகள் கருகும். பாறைப் பற்றையில் தீ அப்படி ஓடாது. இடையிடையே கல் இருப்பதால் தொடர்ந்து பிடிக்க எரிபொருள் இல்லை. ஆனால் நாயுண்ணியும் புல்லும் அடிவாரத்தில் அடர்ந்துவிட்டால் தீ சரிவிலும் ஏறும். அப்படி ஏறினால் கள்ளியும் கிளுவையும் திரும்பி வர மிக நாளாகும். தீயைத் தாங்கப் பழகாதவை அவை.

மாடு மேய்ந்தால் பற்றைக்காடு கெடுமா?

பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், மாடு நிற்க இடமில்லை. மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சற்தரைகளுக்குப் பட்டிகள் போவது தலைமுறை வழக்கம். அந்தக் காலம் மாரி. புல் நிறைய, மாடு முட்செடியைத் தேடாது. கேடு வருவது கோடையில், புல் தீர்ந்த பிறகும் பட்டி ஒரே சரிவில் நின்றால். மேற்பரப்பு மண் குளம்பில் உதிர்ந்து முதல் மழையோடு போய்விடும். ஒரு சாண் மண் சேர எத்தனை தலைமுறை ஆனதோ தெரியாது, போக ஒரு மாரி போதும். ஆடு இன்னும் கவனிக்க வேண்டியது, முள்ளைப் பொருட்படுத்தாது.

மேய்ச்சற்தரை சுருங்கச் சுருங்கத்தான் மாடு பாறைச் சரிவுக்கு ஏறுகிறது. மாட்டுக்காரரைக் குறை சொல்வதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும்.

வெறுமையாகக் கிடக்கும் இந்தச் சரிவுகளில் மரம் நட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். மரநடுகை நிகழ்ச்சிகளுக்கு இடம் தேடுகிறவர்களின் கண் முதலில் விழுவது இங்கேதான், “பயனற்ற நிலம்” என்று. முதலில் குழி தோண்டுவார்கள். அதற்காகக் காரையையும் கிளாவையும் வெட்டுவார்கள். தோண்டிய மண் மாரியில் ஓடிவிடும். நட்ட தேக்கோ வேம்போ அடுத்த கச்சானில் காயும். ஒருவேளை தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு பிழைத்தால் அவற்றின் நிழலில் மரலும் சிறு பூண்டுகளும் ஒடுங்கும். நட்டம் இரட்டிப்பு.

மரம் நட ஆசை இருந்தால் அடிவாரத்துக்கும் வயலுக்கும் இடையில், முன்பு வெட்டிய நிலத்தில், பாலை, வீரை, விளா, மருது போன்ற இடத்து மரங்களை நடுங்கள். அங்கே மண் இருக்கிறது, தேவையும் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த செடிகள் எவை?

நாயுண்ணியும் நாகதாளியும் முக்கியமானவை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்தவை. நாயுண்ணி பூ அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பறவைகள் பழம் தின்று பரப்ப, அடிவாரத்தைப் பிடித்துக்கொண்டது. நாகதாளி கரையோர மணலிலும் வரண்ட சரிவிலும் நிற்கிறது. நாகதாளியைப் பற்றி ஒரு பழங்கதை: 1860களில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு, நாகதாளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கோச்சினீல் பூச்சி கொண்டுவந்து விடப்பட்டு, நாகதாளி இனமொன்று அடக்கப்பட்டது. களையை அழிக்க ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் பூச்சி கொண்டுபோன மிகப் பழைய உதாரணங்களில் அது ஒன்று. இப்போது நிற்பது பெரும்பாலும் வேறோர் இனம். கையால் அகற்றுவதாக இருந்தால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு துண்டும் வேர் விடும்.

எப்போது போய்ப் பார்ப்பது நல்லது? என்ன கவனிக்க வேண்டும்?

தை கடைசி, மாசி. மழை ஓய்ந்திருக்கும், சிறு பூண்டுகள் பூவில் இருக்கும், சுனையில் தண்ணீர் நிற்கும். வறட்சியை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க வேண்டுமென்றால் ஆனி, ஆடி. உகந்தை வழியே கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்குக் காட்டுப்பாதை திறப்பதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

குமண, கல்லோயா ஆகியவை தேசிய பூங்காக்கள். அனுமதிச்சீட்டு வேண்டும், அங்கே செடி பறிப்பது குற்றம். மற்றக் குன்றுகள் பலவும் வன பரிபாலனத் திணைக்களத்தின் காட்டுக்குள் இருக்கின்றன, கேட்டுவிட்டுப் போங்கள். யானை நடமாடும் இடத்தில் விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் நடக்காதீர்கள். பாறை முகட்டில் பெருந்தேனீ கூடு தொங்கினால் புகையும் சத்தமும் வேண்டாம். கல் இடுக்கில் கை விடாதீர்கள், கண்ணாடிப்புடையன் பாம்பு படுத்திருக்கலாம். போர் நடந்த பகுதிகளில் பழைய இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு பொலிசுக்குச் சொல்லுங்கள்.

இந்தச் செடிகளை வீட்டில் வளர்க்கலாமா?

பிரண்டையும் மரலும் ஊரிலேயே வேலியோரங்களில் இருக்கின்றன, அங்கே கேட்டு வாங்குங்கள். சரிவிலிருந்து பிடுங்கத் தேவையில்லை. பிரண்டையில் இரண்டு கணு உள்ள துண்டை வெட்டி, வெட்டிய இடம் காயும்வரை சில நாள் நிழலில் போட்டு, பிறகு மணலும் சிறு கல்லும் கலந்த சட்டியில் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். சட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். மாரியில் சட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள். இந்தச் செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம்.